பதினோரு திருத்தங்கள்

எட்டாம் மாதம், ஆறாம் நாள்

இன்று காலை எங்களை உள்ளே விட்டு வெளிக்கதவைப் பூட்டினார்கள். பூட்டின் மேல் முத்திரைத் தாளும் ஒட்டியாயிற்று. அடுத்த மாதம் ஐந்தாம் நாள் தேர்வு முடிவு வெளியாகும்வரை இந்த வளாகத்திலிருந்து எங்களில் யாரும் வெளியே போக முடியாது. செத்தாலும் பிணத்தைச் சுவருக்கு மேலே தூக்கித்தான் வெளியே போடுவார்கள்.

என் வேலை நகலெடுப்பது. அரசுப் பதவிக்கான மாகாணத் தேர்வில் மாணவர்கள் எழுதும் தாளைத் தேர்வாளர்கள் நேராகப் பார்ப்பதில்லை. கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்களாம். ஆகவே பெயர் இருக்கும் பக்கத்தை மடித்து ஒட்டிவிட்டு எங்களிடம் தருவார்கள். மாணவன் கறுப்பு மையில் எழுதியதை நாங்கள் சிவப்பு மையில் அப்படியே நகலெடுக்க வேண்டும். பிழை இருந்தால் பிழையோடு.

எங்கள் கூடத்தில் கறுப்பு மை ஒரு துளியும் இருக்கக் கூடாது. தினமும் மாலையில் விரல்களை நீட்டிக் காட்ட வேண்டும். கறுப்பு தெரிந்தால் நூறு பிரம்படி, பிறகு எல்லைப்புறத்துக்கு நாடு கடத்தல். அதனால்தான் இந்தக் குறிப்பும் சிவப்பில் இருக்கிறது. பாழான தாள்களின் பின்பக்கத்தில் எழுதி மெத்தைக்குள் செருகி வைக்கிறேன். எழுதக் கூடாதுதான். ஆனால் பேசுவதற்குத் தகுதியான ஆள் இங்கே யாருமில்லை.

ஏழாம் நாள்

அரிசியில் கல். என் அறையில் பாங் என்பவனைப் போட்டிருக்கிறார்கள். நான் எடுக்கும் நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மஞ்சள் மையில் புள்ளி வைப்பது அவன் வேலை. தூங்கும்போது குறட்டை, விழித்திருக்கும்போது பேச்சு. குறட்டையே மேல்.

எட்டாம் நாள்

ஆளுநர் வந்து முத்திரையைப் பிரித்துக் கதவைத் திறந்ததும் மாணவர்கள் உள்ளே வந்தார்கள். விடியலிலிருந்து மதியம்வரை வரிசை. வாசலில் காவலர்கள் அவர்கள் தலைமுடியை அவிழ்த்து, செருப்பின் அடியைக் கிழித்து, ரொட்டியைப் பிட்டுப் பார்க்கிறார்கள். நாங்கள் மாடத்தில் நின்று பார்த்தோம். நானும் ஒரு காலத்தில் அந்த வரிசையில் நின்றவன். நான்கு முறை நின்றேன். இன்று மாடத்தில் நிற்பதை உயர்வு என்று சொல்பவனை அறைவேன்.

பெயர் கூப்பிடுபவர் ஒருவனின் விவரத்தை வாசித்தார். "லுவோ ஹெங். வயசு பதினேழு. தகப்பன் லுவோ ஜிங், முன்னாள் வட்டாட்சியர். காலமாயிட்டார்."

லுவோ ஜிங் செத்துவிட்டானாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

பையனைப் பார்த்தேன். அதே விடைத்த காதுகள். உடைந்த கூடைப்பிடியைத் துணியால் கட்டியிருந்தான்.

பாங் இன்று வாசலில் கூடை சோதிக்கும் வேலையில் இருந்தான். திரும்பி வந்ததும் ஆரம்பித்துவிட்டான்.

"அந்தக் காது பெருத்த பையனைப் பாத்தீங்களா ஷென் அண்ணே? நாப்பது நாள் நடந்து வந்திருக்கான். தெக்கே எல்லைக்கோட்டைல இருந்து."

"ஏன், வண்டி கிடைக்கலியாமா?"

"அட நீங்க ஒண்ணு. அவங்கப்பா மேலதிகாரியை எதுத்துப் பேசி, அங்க நாடு கடத்திட்டாங்களாம். அங்கயே போய்ச் சேந்துட்டாரு. மூணு வருஷமா சவப்பெட்டி ஒரு கோயில் பின்கட்டுல கிடக்குதாம். ஊருக்குக் கொண்டாந்து புதைக்க மனு போட்டா, உன் தகுதி என்னடான்னு கேக்குறாங்களாம். பட்டம் வாங்கினவன் மனுவைத்தான் தொடுவாங்களாம். அதான் வந்திருக்கான்."

"வரிசைல நிக்கிறவன் கதையெல்லாம் உனக்கெதுக்கு?"

"சொன்னான், கேட்டேன். காது இருக்கே!"

ஒன்பதாம் நாள்

வேலை இல்லை. தூரிகைகளைக் கழுவினேன்.

பத்தாம் நாள்

லுவோ ஜிங்கைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதினால் தலையிலிருந்து இறங்கிவிடும்.

ஒரே பள்ளியில் ஒன்பது ஆண்டுகள் படித்தோம். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் இதே வளாகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கூண்டுகளில் உட்கார்ந்து தேர்வெழுதினோம். அறை என்று சொல்கிறார்கள். மூன்று சுவரும் இரண்டு பலகையும் உள்ள ஒன்றைக் கூண்டு என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நான் எழுதியதுபோல் நான் பிறகு எழுதியதே இல்லை. ஆனால் கடைசி வரி விட்டுப்போனது.

தாளின் முடிவில் ஒரு வரி எழுத வேண்டும். தாளில் எத்தனை எழுத்துகளை அடித்தோம், சேர்த்தோம், மாற்றினோம் என்ற எண்ணிக்கை. தாள் கைமாறிய பிறகு யாரும் திருத்தவில்லை என்பதற்கு அது சாட்சி. அந்த வரி இல்லாத தாளைத் தேர்வாளர் தொடமாட்டார். எழுதியவன் பெயரை வெளிச்சுவரில் அவமானப் பலகையில் ஒட்டுவார்கள். ஒன்பது ஆண்டு தடை.

கடைசி முரசு அடிக்கப் போகும் நேரத்தில் லுவோ ஜிங் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னோடு பேசினான். என் கவனம் சிதறியது. அவ்வளவுதான். அவன் பன்னிரண்டாவதாகத் தேறினான். என் பெயர் பலகையில் மழையில் நனைந்தது.

மூன்று முறை என் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறக்கவில்லை. கடிதங்களைப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினேன்.

எழுதிவிட்டேன். இறங்கவில்லை.

பதின்மூன்றாம் நாள்

முதல் சுற்றுத் தாள்கள் வந்துவிட்டன. இன்று நான்கு நகல் எடுத்தேன். நான்கும் குப்பை. நான்கில் ஒன்று நிச்சயம் தேறும். எங்கள் கண்காணிப்பாளர் காவுக்கு வயது முப்பத்தொன்று. இருபத்தெட்டில் பட்டம் வாங்கியவர். என்னை 'ஷென் அய்யா' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார். அந்த மரியாதைதான் பொறுக்க முடியவில்லை.

பதினைந்தாம் நாள்

நிலாப் பண்டிகை. நிலாவைக் காணோம், மழை. ஆளுக்கு ஒரு பலகாரம் கொடுத்தார்கள். மாணவர்கள் மூன்றாம் சுற்றுக்கு உள்ளே இருக்கிறார்கள். பாங் என் பலகாரத்தில் பாதியைக் கேட்டான். "உங்களுக்குத்தான் இனிப்பு ஆகாதே, மூஞ்சைப் பாத்தாலே தெரியுது" என்றான். கொடுத்துத் தொலைத்தேன்.

பதினாறாம் நாள்

உடுப்பு இன்னும் ஈரம். எழுதுகிறேன்.

விடிந்ததும், வளாகத்துக்குப் பக்கத்து ஆறு கரை உடைந்து உள்ளே வந்துவிட்டது. கிழக்கு வரிசைக் கூண்டுகளில் இடுப்பளவு தண்ணீர். வெளிக்கதவு முத்திரை போட்டது. ஆளுநர் வராமல் திறக்க முடியாது. ஆளுநரின் பல்லக்கு எங்கே இருக்கிறதோ. மாணவர்கள் பலகை மேல் ஏறி, தாளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கூண்டை விட்டு வெளியே கால் வைத்தால் வெளியேற்றம். மூழ்கினாலும் சட்டம் சட்டம்தான்.

கூட்டத்தைச் சமாளிக்கக் காவலர்கள் போதவில்லை. எழுத்தர்கள் எல்லாரும் போய்த் தாள்களை நனையாமல் வாங்கி வரும்படி காவ் உத்தரவிட்டார். நான் ஏழாம் வரிசைக்குப் போனேன்.

வரிசையின் கடைசிக் கூண்டு கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் இருப்பது. அதில் லுவோ ஹெங். பலகை மேல் நின்றிருந்தான். தாளை எண்ணெய்த் துணியில் சுற்றித் தலையில் கட்டியிருந்தான். முதுகில் எழுபது வயதுக் கிழவர் ஒருவர். பக்கத்துக் கூண்டின் சுவர் சரிந்துவிட்டது; கிழவர் தண்ணீரில் விழுந்திருக்கிறார்.

காவலன் ஒருவன் கத்தினான். "ஏய்! கூண்டை விட்டு வெளிய வந்தியா நீ?"

"இல்லீங்க. நான் வெளிய போகல. இவர்தான் உள்ள வந்தாரு."

"அவர் எப்படிடா வந்தாரு?"

முதுகிலிருந்த கிழவர் சொன்னார்: "நீந்தி வந்தேன். பதினாலாவது தடவை எழுதுறேன், இதுவரைக்கும் நீச்சல் பரீட்சை வெச்சதில்ல."

காவலன் சிரித்துவிட்டான். சிரித்த பிறகு எப்படித் தண்டிப்பது?

பையன் ஒரு கையால் கிழவரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் எழுதியிருக்கிறான். தலையைக் கீழே சாய்த்துத் தாளை எடுத்துக்கொள்ளச் சொன்னான். அதற்குள் கடைசி முரசு அடித்துவிட்டது.

"அய்யா, நனையாமப் பாத்துக்கோங்க."

"எல்லார் தாளையும் பாத்துக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மதியத்துக்குப் பிறகு ஆளுநர் வந்து கதவைத் திறந்தார். எல்லாரும் வெளியே போனார்கள். மறுபடி பூட்டி முத்திரை போட்டார்கள். கிழவரின் தாளை ஆறு கொண்டுபோய்விட்டது. அடுத்த தேர்வுக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனார்.

பதினேழாம் நாள்

நனைந்த தாள்களை முதலில் நகலெடுக்க வேண்டும் என்று உத்தரவு. யார் எந்த வரிசையில் வாங்கினார்களோ அவர்களுக்கே அந்தக் கட்டு.

கட்டில் எட்டாவது தாளைப் பிரித்ததும் ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. என் கையெழுத்து.

கீழிறங்கும் கோடுகளை முடிக்கும்போது நான் இடப்பக்கமாக ஒரு சிறு சுழிப்பு விடுவேன், கொக்கு ஒரு காலை மடக்குவதுபோல. சின்ன வயதிலிருந்தே. அதற்காக வாத்தியாரிடம் விரல்மூட்டில் அடி வாங்கியிருக்கிறேன். வேறு யாரும் அப்படி எழுதமாட்டார்கள்; எழுதினால் அடி விழும். அந்தச் சுழிப்பைப் பார்த்து ஆசைப்பட்டுத் தானும் எழுதப் பழகி, தானும் அடி வாங்கியவன் ஒருவன்தான், லுவோ ஜிங்.

அப்படியானால் கடைசிவரை அப்படியே எழுதியிருக்கிறான். மகனுக்கும் அதையே பழக்கியிருக்கிறான்.

தாள் நன்றாக இருந்தது. மிக நன்றாக. கரை உடையும் ஆறுகளை எப்படி ஆள்வது என்பது கேள்வி. இடுப்பளவு தண்ணீருக்கு நடுவில் நின்று பதிலை முடித்திருக்கிறான்.

முடிவுக்கு வந்தேன். கடைசி வரி இல்லை.

அதே நாள், மாலை

இது எனக்குச் சம்பந்தமில்லாதது. பிழை இருந்தால் பிழையோடு எழுத வேண்டும். இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு எழுத்தர் என் தாளை அப்படித்தான் எழுதினார். யாரும் என்மேல் இரக்கப்படவில்லை. அவனுடைய மகனின் பெயர் அதே பலகையில் தொங்கட்டும். அவனுடைய பெட்டி கோயில் பின்கட்டிலேயே கிடக்கட்டும்.

உடம்பு சரியில்லை என்று சொல்லி நகலெடுப்பதை நாளைக்குத் தள்ளிவைத்தேன்.

பதினெட்டாம் நாள்

உண்மையை எழுதுகிறேன். சிவப்பில் எழுதியது செல்லாது என்று எப்போதும் பாங் சொல்கிறான். செல்லாமலே போகட்டும்.

லுவோ ஜிங் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது ஒரே கேள்வி. "ஷென், எண்ணி எழுதினியா?"

தெளிவாகக் கேட்டது. நான் தாளை மூடி வைத்துவிட்டிருந்தேன். திறந்து பார்க்க மூன்று மூச்சு நேரம் போதும். ஆனால் அவன் எப்போதுமே இப்படித்தான். குடை எடுத்தியா, செருப்பு மாத்தினியா, சாப்பிட்டியா. மாமியார்போல. இவன் சொல்லி நான் பார்ப்பதா என்று நினைத்தேன். பதிலும் சொல்லவில்லை, தாளையும் திறக்கவில்லை. என் கவனம் சிதறவில்லை. வரி ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.

பேசியது காவலன் காதில் விழுந்திருந்தால் அவன் பெயரும் பலகைக்குப் போயிருக்கும். அது தெரிந்தே பேசினான்.

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாரும் எழுந்து போனார்கள். நான் போகவில்லை. வெந்நீர்ப் பானையின் அடியிலிருந்து கரியைச் சுரண்டினேன். பெயரை ஒட்டுவதற்கு வைத்திருக்கும் பசையில் கொஞ்சம் எடுத்து, தேநீர்க் கோப்பை மூடியில் குழைத்தேன். புதுத் தூரிகை ஒன்றை மூன்று தண்ணீரில் அலசினேன்.

பிறகு எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு. எண்ணிக்கை ஒன்று தவறினாலும் தாள் போய்விடும், நானும் போய்விடுவேன். ஒவ்வொரு திருத்தத்தின் மேலும் ஒரு அரிசிப் பருக்கையை வைத்துக்கொண்டே போனேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கறை. அடித்த எழுத்து என்று நினைத்திருந்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் அது மழைத்துளி. மை பரவியிருக்கிறது, கோடு இல்லை. பதினொன்று.

எழுதினேன். 'அடித்தவை, சேர்த்தவை, மாற்றியவை: மொத்தம் பதினோரு எழுத்துகள்.' ஒவ்வொரு கோட்டின் கடைசியிலும் சுழிப்பு. அவன் கையெழுத்தைப்போல எழுத நான் முயற்சி செய்ய வேண்டியிருக்கவில்லை. என்போல எழுதினால் போதுமாயிருந்தது.

தலையை நிமிர்த்தினேன். கதவருகில் பாங் நின்றிருந்தான். கையில் எனக்கான சோற்றுக் கிண்ணம்.

அவன் தாளைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான், என் விரல்களைப் பார்த்தான். கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சோற்றை ஒதுக்கிவைத்தேன். மூடியைக் கழுவினேன். பசை கலந்த கரி விரலைவிட்டுப் போகவில்லை.

அதே நாள், விரல் சோதனைக்குப் பிறகு

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு நின்றது. காவ் வரிசையாக வந்தார்.

"ஷென் அய்யா, கையைக் காட்டுங்க."

நான் கையை எடுப்பதற்குள் பின்னாலிருந்து பாங் கத்தினான். "அண்ணே, புடிங்க புடிங்க, சுடுது!" வெந்நீர்ப் பானையை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். இரண்டு கையாலும் பிடித்தேன். பானை இலேசான சூடுதான். கீழே வைத்தபோது என் இரண்டு கைகளிலும் முழங்கைவரை கரி. அவனுக்கும் அப்படியே.

காவ் பெருமூச்சு விட்டார். "ரெண்டு பேருக்கும் சேத்து நூறு வயசு ஆகப்போகுது. ஒரு பானையைப் புடிக்கத் தெரியல. போய்க் கழுவுங்க."

கிணற்றடியில் பாங்கிடம் கேட்டேன், ஏன் என்று.

"பானை கனமா இருந்துச்சு" என்றான்.

பத்தொன்பதாம் நாள்

அந்தத் தாளை நகலெடுத்தேன். பாங் மூலத்தைச் சத்தமாக வாசித்து ஒப்பிட்டான். கடைசி வரியில் ஒரு நொடி நின்றான். பிறகு மற்ற வரிகளைப்போலவே வாசித்து மஞ்சள் புள்ளி வைத்தான். தாள் தேர்வாளர்களுக்குப் போய்விட்டது.

இனி என் கையில் ஒன்றுமில்லை.

இருபத்தாறாம் நாள்

அரிசியில் இன்னும் கல். பாங்குக்குப் பல்வலி. என் கிராம்பைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் மாதம், நான்காம் நாள்

தேர்ந்தெடுத்த சிவப்பு நகல்களைக் கறுப்பு மூலங்களோடு பொருத்தி, ஒட்டிய பெயர்களைப் பிரிக்கும் நாள். காவ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாங்கள் சுவரோரம் நின்றோம்.

ஒரு தாளில் நின்றுவிட்டார். கடைசி வரியைச் சாளரத்துப் பக்கம் திருப்பினார். மற்ற வரிகளைவிட அது கொஞ்சம் மங்கல் என்று எனக்குத் தெரியும். பானைக் கரி நல்ல மையாகாது. பாங் என் கையைப் பிடித்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

"தண்ணி பட்டிருக்கு. ஆனா கையெழுத்து ஒண்ணுதான். அழகான கை" என்றார் காவ். மடித்த பக்கத்தைப் பிரித்தார். "லுவோ ஹெங். அறுபத்து மூணாவது."

ஒன்பதாம் மாதம், ஐந்தாம் நாள்

கதவைத் திறந்தார்கள். வெளிச்சுவரில் இரண்டு இடத்தில் கூட்டம். தேறியவர் பட்டியல் பக்கம் கூச்சல். அவமானப் பலகைப் பக்கம் மௌனம். லுவோ ஹெங் அந்தப் பலகையின் முன்னால் நின்று, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

"உன் பேர் அங்க இல்ல" என்றேன். "அந்தப் பக்கம் போய்ப் பாரு. அறுபத்து மூணாவது."

திரும்பினான். என்னை அடையாளம் தெரிந்தது. "அன்னைக்குத் தாளை வாங்கிட்டுப் போனது நீங்கதானே? எப்படிங்கய்யா? நான் கடைசி வரி எழுதல. பெரியவரைப் புடிச்சுக்கிட்டிருந்தேன், முரசு அடிச்சிருச்சு. வெளிய வந்தப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. இருபது நாளா இந்தப் பலகையைத்தான் கனவுல பாத்தேன்."

"எழுதியிருந்தே. பதினொண்ணுன்னு எழுதியிருந்தே. நான்தான் நகலெடுத்தேன்."

"என் கையெழுத்துலயா?"

"உன் கையெழுத்துலதான்."

அவன் நம்பவில்லை என்று முகம் சொன்னது. மறுபடி பலகைப் பக்கம் திரும்பினான்.

"எப்படி மறந்தேன்னு தெரியலீங்க. அப்பா தினமும் சொல்லித்தான் வளத்தாரு. அவரோட சிநேகிதர் ஒருத்தரு அந்த வரியை விட்டுட்டாராம். கடைசி நிமிஷத்துல அப்பா அவர்கிட்டப் பேசினாராம். 'நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா அவனே பாத்திருப்பான், நான்தான் கெடுத்துட்டேன்'னு சொல்லிட்டே இருப்பாரு. படுக்கைல கிடந்தப்பவும் அதையேதான் சொன்னாரு."

இருபத்தொரு ஆண்டுகள் ஒரே பொய்யை நான் இங்கே சுமந்தேன். லுவோ ஜிங் அங்கே அதை உண்மை என்று நம்பிச் சுமந்திருக்கிறான்.

"உங்கப்பா சொன்னது தப்பு" என்றேன். "அவர் கெடுக்கல. அந்த ஆளுக்கு நல்லாவே கேட்டுச்சு. கேட்டும் பாக்கல."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"தெரியும். அவ்வளவு நல்ல மனுஷன் இல்ல."

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து பாங்கின் குரல். "ஷென் அண்ணே! மெத்தையை விட்டுட்டுப் போறீங்களே! உள்ள என்னமோ காகிதமெல்லாம் வேற துருத்திக்கிட்டு நிக்குது!"

பையன் என்னைப் பார்த்தான். ஷென் என்ற பெயரைப் பிறந்ததிலிருந்து கேட்டவன் பார்க்கும் பார்வை. தெருவிலேயே, சேற்றிலேயே மண்டியிட்டான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்பதாம் மாதம், எட்டாம் நாள்

லுவோ ஹெங்கின் மனுவை இன்று வாங்கிக்கொண்டார்கள். முத்திரையிட்ட அனுமதிச் சீட்டு கிடைத்துவிட்டது. பெட்டியை எடுத்துவர இரண்டு பேர் வேண்டும். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாருமில்லை; மனைவி தன் அண்ணன் வீட்டுக்குப் போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதையும் இதுவரை அவள் குற்றம் என்றே சொல்லிவந்திருக்கிறேன்.

நாற்பது நாள் வழி. அவன் கூடையை எடுத்துக்கொள்வான், நான் குடையை.

கடைத்தெருவில் ஒரு மைக்கட்டி வாங்கினேன். இந்தப் பக்கம் கறுப்பில் இருக்கிறது. செல்லும்.

நாளை விடியலில் புறப்படுகிறோம். அந்தக் கோயில் பின்கட்டுக்குப் போய் நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். லுவோ ஜிங் அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. எண்ணிவிட்டேன், ஜிங். மூன்று தடவை எண்ணினேன். பதினொன்று.